பதினேழு அங்குலத் திரை

தோ சாங்-கில் புது ரேடார் வாங்கப்போகிற சேதி ஒல்மித் துறைமுகத்தில் பரவிய அன்றே, அது எதற்கு என்ற பொய்யும் கூடவே பரவிவிட்டது. பரப்பியவர் அவரேதான்.

"காலம் மாறிப்போச்சுப்பா. இன்னும் உள்ளங்கை அகலப் பெட்டிய மொறச்சுப் பாத்துக்கிட்டா கடல்ல போறது? லேப்டாப்புல பாக்கணும். கடல் வரைபடம், நம்ம படகு, எதிர்ல வர்றவன், எல்லாம் ஒரே படத்துல வந்துரும்," என்று ஏலக்கூடத்தில் நின்று சொன்னார். ஐம்பத்தெட்டு வயதில் மனுஷனுக்கு வந்த புத்தியைப் பார் என்று சிலர் வாய்விட்டே மெச்சினார்கள்.

உண்மை தெரிந்தவர்கள் அவரைத் தவிர இரண்டு பேர். ஒருவர் சோசான் நகரத்துக் கண் மருத்துவர். சர்க்கரை சாங்-கில்லின் கண்ணில் இறங்கி மூன்று வருஷம் ஆகிறது. வலக்கண் முழுக்கப் போய்விட்டது. இடக்கண்ணின் நடுவில் மையைக் கொட்டியது போல ஒரு கறுப்பு. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மிச்சம். யாரோடு பேசினாலும் முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, ஓரக்கண்ணால்தான் பேசுவார். திமிர் பிடித்த ஆள் என்று ஊர் நினைத்தது. அது அவருக்கு வசதியாக இருந்தது.

தெரிந்த இன்னொருத்தி அவர் மனைவி பே போங்-ஜா. அந்தக் கரையில் புருஷனும் பெண்டாட்டியும் மட்டுமே போகிற படகுகள் நிறைய உண்டு, இவர்களுடையதும் அப்படித்தான். கண் போனது வெளியே தெரிந்தால் ஓட்டுரிமம் போகும். உரிமம் போனால் படகைக் கட்டிப்போட வேண்டியதுதான். படகைக் கட்டிப்போட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. ஆகவே போங்-ஜா இருமக் கற்றுக்கொண்டாள். பாதையில் கயிறு கிடந்தால் ஒரு இருமல். படி வந்தால் இரண்டு. எதிரே மரியாதை செய்யவேண்டிய ஆள் வந்தால் தொண்டையைச் செருமுவாள். அவர் உடனே குனிந்து வணக்கம் வைப்பார்.

"சேரான் அம்மாவுக்கு இந்தச் சளி போகவே மாட்டேங்குதே. இஞ்சி வேகவச்சுக் குடியேன்," என்பார்கள் ஏலக்கூடத்துப் பெண்கள். சேரான் அவர்கள் மகள். இன்சோன் பக்கம் கல்யாணமாகிப் போனவள். அப்பாவோடு பேச்சு வார்த்தை கிடையாது.

பழைய ரேடாரின் திரை சிறியது. இரண்டு வருஷமாக அதில் சாங்-கில்லுக்கு எதுவும் தெரியவில்லை. பதினேழு அங்குல லேப்டாப் திரையில் படத்தைப் பெரிதாக்கி, மற்ற படகுகளை மஞ்சள் திட்டுகளாகக் காட்டினால் ஓரக்கண்ணுக்கு எட்டும் என்று யோசனை சொன்னவள் போங்-ஜாதான். மூன்று வாரம் கைபேசியில் தேடிப் படித்து, சேரானின் பழைய பள்ளிக்கூட நோட்டில் இரண்டு பக்கம் குறித்து வைத்திருந்தாள்.

படகுக் கருவிகள் விற்கும் கடைக்காரர் கூ இரண்டு ரேடார்களை மேசைமேல் வைத்தார். இரண்டும் மூடிபோட்ட வெள்ளைச் சோற்றுப் பானை மாதிரி இருந்தன, ஒன்று சிறியது, ஒன்று பெரியது. கடையில் அப்போது மெங் தல்-சூவும் இன்னும் இரண்டு பேரும் காகிதக் கோப்பையில் பொட்டலக் காபி கலந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். தல்-சூ மூன்று பெரிய படகுகளுக்குச் சொந்தக்காரன். அவன் ஒரு சிரிப்புச் சிரித்தால் துறைமுகமே சேர்ந்து சிரிக்கும்.

"ரெண்டுமே லேப்டாப்போட சேர்ற சாதிதாண்ணே," என்றார் கூ. "சிலதுல அந்தக் கம்பெனி திரையத்தான் வாங்கணும்பான். அதெல்லாம் நமக்கு வேண்டாம்."

"காத்துல வர்றதா, ஒயர்ல வர்றதா?" என்று கேட்டாள் போங்-ஜா.

"ஒயர்தான் அண்ணி. காத்துல வர்றது கடல்ல சமயத்துல படுத்துக்கும்."

"எஞ்சின் கெளப்பும்போது பேட்டரி எறங்குமே, அப்ப லேப்டாப் செத்துப்போகாதா?"

கூ அவளை நிமிர்ந்து பார்த்தார். "நல்ல கேள்வி. அதுக்குத் தனி பேட்டரி வச்சுத் தர்றேன்."

"அடேங்கப்பா!" என்றான் தல்-சூ. "சாங்-கில் அண்ணே, உங்க படகுல கேப்டன் யாரு?"

"கேப்டனா? நண்டு பிரிக்கிற கை அது. வாய் மட்டும் ரெண்டு டன்," என்றார் சாங்-கில். எல்லோரும் சிரித்தார்கள். போங்-ஜா நோட்டைப் பார்த்துக்கொண்டாள்.

கூ ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். சோப்புக்கட்டி அளவுதான் இருந்தது.

"எத வாங்குனாலும் இதையும் சேத்து வாங்கிருங்கண்ணே. படகோட மூக்கு எந்தப் பக்கம் பாத்துக்கிட்டிருக்குன்னு லேப்டாப்புக்குச் சொல்றது இதுதான். இது இல்லேன்னா, படகு எந்தப் பக்கம் நகருதோ அதுதான் மூக்குன்னு லேப்டாப் நெனச்சுக்கும். ஓடும்போது ஒண்ணும் தெரியாது. நின்னு வலை இழுப்பீங்க பாருங்க, அப்ப நீரோட்டம் படகப் பின்னால தள்ளும். மூக்கு வடக்க, போறது தெக்க. அப்ப வரைபடத்து மேல ரேடார் படம் தலைகீழா விழும். முன்னாடி நிக்கிறவன் பின்னாடி நிக்கிற மாதிரி காட்டும்."

ஒல்மிக் கடலில் நீரோட்டம் என்றால் ஆறு மாதிரி ஓடும். போங்-ஜாவுக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

"அப்ப சின்ன ரேடாரும் இந்தப் பெட்டியும் எடுத்துக்கலாம்," என்றாள். "பெருசு நாப்பத்தெட்டு மைல் பாக்கும்னு போட்டிருக்கு. நம்ம வலை கெடக்கிற எடத்துல அத வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறோம்? சீனாக்காரன் வீட்ல என்ன சமையல்னா பாக்கப்போறோம்?"

கடை குலுங்கியது. தல்-சூ காபியைத் தொடையில் கொட்டிக்கொண்டான். இந்த முறை அவர்கள் அவளோடு சேர்ந்து சிரித்தார்கள். சாங்-கில் மட்டும் சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பி, அவள் நின்ற பக்கமாக ஓரக்கண்ணை வைத்தார். பிறகு கையை நீட்டி அவள் பின்மண்டையில் ஒரு தட்டுத் தட்டினார். வேடிக்கையாகத் தட்டியது போலத்தான் இருந்தது. அவள் பல் நாக்கில் பட்டு ரத்தம் வந்தது.

"என் படகு மூக்கு எங்க இருக்குன்னு எனக்குச் சொல்ல ஒரு பெட்டி வேணுமா? முப்பத்தஞ்சு வருஷமா அந்த மூக்கப் புடிச்சுக்கிட்டுத்தான் கடல்ல போறேன். கூ தம்பி, பெருசக் கட்டு. தல்-சூ படகுல என்ன இருக்கோ அதே அளவு."

"பெட்டி?"

"அத உங்க அண்ணிக்கு மூக்குல மாட்டி விடு."

பெரியதன் விலையும், சிறியதும் பெட்டியும் சேர்ந்த விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். கூ வாயைத் திறந்தார். தல்-சூ சிரிப்பதைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். ரசீதில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் போங்-ஜா வழக்கம்போல ஆள்காட்டி விரலை வைத்தாள். விரல் நுனியை உரசினாற்போலப் பேனாவை ஊன்றி அவர் கையெழுத்துப் போட்டார்.

"கையெழுத்துக்குக்கூட அண்ணி காவலா?" என்றான் தல்-சூ.

"எழுதப் படிக்கத் தெரியும்னு காட்டிக்கிறா. விடு," என்றார் சாங்-கில்.

படகில் மாட்டிய அன்று பூசை நடந்தது. வேகவைத்த பன்றித்தலையை வைத்து, அதன் வாயில் பணத்தாளைச் செருகி, விழுந்து கும்பிட்டார்கள். சாங்-கில் ஏணியில் ஏறி ரேடார் தலைமேல் அரிசிக் கள்ளை ஊற்றினார். ஒவ்வொரு படிக்கும் கீழே நின்று போங்-ஜா இருமினாள்.

பக்கத்துப் படகுக்காரி யோங்-நிம் அரிசிப் பணியாரத்தை மென்றுகொண்டே வந்து லேப்டாப்பை எட்டிப் பார்த்தாள். அவளும் அவள் புருஷன் சோக்-தூவும் இரண்டு டன் படகில் நண்டுக்குப் போகிறவர்கள். அவர்களிடம் ரேடார் கிடையாது. பெரிய படகுகளின் ரேடாரில் தாங்களாவது தெரியவேண்டும் என்று, நெளிந்துபோன மஞ்சள் கள்ளுக் கெட்டில் ஒன்றைக் கம்பத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மூடுபனி வந்தால் யோங்-நிம் பாத்திர மூடியை வைத்துத் தட்டிக்கொண்டே இருப்பாள்.

"அக்கா, இதுல நாங்க தெரிவமா?"

"தெரிவீங்க. ஒரு அரிசி அளவுக்கு."

"அவ்ளோதானா? அப்ப நான் இன்னும் கொஞ்சம் சாப்பிடணும்," என்று இன்னொரு பணியாரத்தை எடுத்தாள்.

முதல் மாதம் போங்-ஜா திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். முப்பது வருஷத்தில் சுக்கான் அறையின் நாற்காலியில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. "இடது பக்கம் ஒண்ணு, ரெண்டு மைல். விலகிப் போறான்," என்று அவள் சொல்ல, சாங்-கில் சுக்கானைத் திருப்புவார். ஓடும்போது எல்லாம் சரியாக இருந்தது. வலை இழுக்க நின்றதும் படம் புரண்டது. வரைபடத்தில் வெளிச்சக் கம்பம் ஒரு பக்கம், ரேடார் காட்டும் வெளிச்சக் கம்பம் நேர் எதிர்ப் பக்கம். கூ சொன்னது சொன்னபடியே நடந்தது.

அவள் இரண்டு நாள் நோண்டி ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒரு விசையை அழுத்தினால் வரைபடம் மறைந்து ரேடார் படம் மட்டும் நிற்கும். அதில் மேலே இருப்பது எப்போதும் மூக்குப் பக்கம். நீரோட்டம் எப்படித் தள்ளினாலும் பொய் சொல்லாது. வலை இழுக்கும்போது அதை அழுத்துவாள். ஓடும்போது திரும்ப வரைபடத்தைப் போடுவாள்.

அன்று மாலையே அவரிடம் சொன்னாள். "சேரான் அப்பா, பெட்டி இல்லாததால வலை இழுக்கறப்ப படம் தலைகீழா விழுது. இந்த விசைய அழுத்திட்டா..."

"ஊர்ல ஒருத்தன் படமும் தலைகீழா விழல. உனக்கு மட்டும் விழுதா?"

"அவங்க எல்லாம் பெட்டி வச்சிருக்காங்க."

சாப்பாட்டு மேசை கவிழ்ந்தது. நண்டுக் குழம்பு அவள் மடியில். அடுத்த நாள் கள்ளுக்கடையில் அவர் அதைக் கதையாகச் சொன்னார். "எங்க வீட்டுக்காரி ரேடாரத் தலைகீழா படிக்கிறாடா. முன்னாடிங்கிறா, பின்னாடி இருக்கு. நான் காதுல வாங்காம ஓட்டுறதால உயிரோட இருக்கேன்." வாரம் முடிவதற்குள் ஒல்மியில் அவளுக்குத் 'தலைகீழ் அம்மா' என்று பெயர் விழுந்தது. ஏலக்கூடத்தில் நண்டுப்பெட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இப்ப சரியாத் தெரியுதா அக்கா?" என்று கேட்டார்கள். போங்-ஜா பெட்டியை நிமிர்த்திவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். யோங்-நிம் மட்டும் பதிலுக்கு, "எங்க அக்காவாவது தலைகீழாப் படிக்கிறா. உனக்கு நேரா வச்சாலும் படிக்கத் தெரியுமாடா?" என்று ஒருவனைத் துரத்தினாள்.

ஜூன் தொடக்கத்தில் மூடுபனிக் காலம் வந்தது. நண்டுப் பருவம் முடிய இரண்டு வாரம்தான் பாக்கி. யாரும் வலையைக் கடலில் விட்டுவிட்டு வீட்டில் இருக்க மாட்டார்கள். தல்-சூ ஏலக்கூடத்தில் எல்லார் முன்னாலும் கேட்டான்: "அண்ணே, நாற்காலியில உக்காந்து ஓட்டறது தலைகீழ் அம்மாதானாமே? நீங்க வெளியில நண்டு பிரிக்கிறீங்களாம்?"

மறுநாள் காலை, வலை கிடந்த இடம் வந்ததும் சாங்-கில் அவளை எழுப்பி நிறுத்தினார்.

"போ வெளியில. ஒரு மாசமா ஒக்காந்து ஒக்காந்து இடுப்பு பெருத்துப்போச்சு. வலைய நான் இழுத்துக்கிட்டே திரையப் பாத்துக்கிறேன்."

லேப்டாப்பை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தார். கதவுக்கு வெளியே, வலை இழுக்கும் உருளையருகே நின்றால் ஓரக்கண்ணுக்குத் திரை படும். ஓர் எட்டு வைத்தால் எஞ்சின் கைப்பிடி. மஞ்சள் திட்டுகள் தெரிந்தன. அவ்வளவு போதும் என்று அவர் நினைத்தார்.

"பனி இப்படி இருக்குங்க. அந்த விசைய மட்டும் அழுத்திட்டுப் போறேன்..."

"திரையத் தொட்டா கைய ஒடிப்பேன்."

"திசைகாட்டியயாவது..."

திசைகாட்டியின் எண்களை அவரால் படிக்க முடியாது என்பது இருவருக்கும் தெரியும். அவர் அவள் முழங்கையைப் பிடித்து வெளியே தள்ளினார். அவள் படகின் மூக்குப் பக்கம் போய், ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு, வலையில் சிக்கிய நண்டுகளைப் பிரிக்க உட்கார்ந்தாள்.

பனி பால் மாதிரி நின்றது. தன் படகின் பின்பக்கமே அவளுக்குத் தெரியவில்லை. உருளை கரகரவென்று சுற்ற, எஞ்சின் புகை தாழ்ந்து கிடந்தது. நீரோட்டம் படகைப் பின்னால் தள்ளிக்கொண்டிருப்பதை நீரில் மிதந்த பாசியைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். மூக்கு வடக்கே; போவது தெற்கே.

அப்போது அவளுக்கு அந்தச் சத்தம் கேட்டது. டங், டங், டங். பாத்திர மூடி. நேர் முன்னால், கூப்பிடு தூரத்தில்.

சாங்-கில்லுக்கு உருளைச் சத்தத்தில் அது கேட்கவில்லை. ஆனால் திரையில் அந்தத் திட்டைப் பார்த்துவிட்டார். படகுக்குப் பின்னால், மிக அருகில், ஒரு மஞ்சள் அரிசி. யாரோ பின்னாலிருந்து ஏறிக்கொண்டு வருகிறான். அவர் கத்தியை எடுத்து வலைக்கயிற்றை ஒரே வெட்டில் அறுத்துவிட்டு, உள்ளே பாய்ந்து எஞ்சின் கைப்பிடியை முழுக்க முன்னால் தள்ளினார்.

போங்-ஜா நண்டுகளின் மேல் சரிந்து விழுந்தாள். எழுந்து, வாழ்நாளில் கத்தாத அளவுக்குக் கத்தினாள்.

"முன்னாடி! முன்னாடிங்க! யோங்-நிம் படகு! நிறுத்துங்க!"

"பின்னாடிடி! பின்னாடிதான் இருக்கு, குருட்டுக் கழுத!"

முதலில் தெரிந்தது மஞ்சள் கெட்டில். அப்புறம் அதற்குக் கீழே ஒரு கையில் மூடியும் ஒரு கையில் கரண்டியுமாக யோங்-நிம். அவள் அப்போதும் தட்டிக்கொண்டுதான் இருந்தாள். இவர்களைப் பார்த்ததும் கையை உயர்த்தினாள்; நிறுத்தச் சொன்னாளா, அடையாளம் கண்டுகொண்டாளா என்று சொல்ல முடியாது. ஐந்து டன் படகின் மூக்கு, இரண்டு டன் படகின் நடுவில் ஏறியது.

முதுகைக் காட்டி வலை இழுத்துக்கொண்டிருந்த சோக்-தூவைத் தண்ணீரிலிருந்து இழுத்தார்கள். யோங்-நிம்மின் உடலை இரண்டு மணி நேரம் கழித்துக் கடற்காவல் படகு இழுத்தது. கெட்டில் கிடைக்கவில்லை.

அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு தடவை, சோக்-தூ போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு பின்பக்கம் உட்கார்ந்திருக்கும்போது, சாங்-கில் போங்-ஜாவின் காதருகே வந்தார்.

"திரையில நீதான் இருந்த. நான் வலையில இருந்தேன். புரியுதா? எனக்கு உரிமம் போனா ரெண்டு பேருக்கும் சோறு போச்சு. உனக்கு என்ன போகும்? உரிமமா வச்சிருக்க?"

அவர் சொன்னதில் கணக்கு சரியாகத்தான் இருந்தது. கரைக்கு வந்ததும் கட்டும் கயிறு குறுக்கே கிடந்தது. அவள் ஒரு தடவை இருமினாள். அவர் காலைத் தூக்கிவைத்துத் தாண்டினார்.

மூன்றாம் நாள் விசாரணை. கடற்காவல் அலுவலகத்தின் மாடியில் ஒரு அறை, மேசைக்கு இந்தப் பக்கம் புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்தில் பக்கத்தில். அதிகாரி முப்பதைத் தாண்டாத ஆள். கண்ணாடி போட்டு, மரியாதையாகப் பேசினார். வெளியே வராந்தாவில் சோக்-தூ உட்கார்ந்திருந்தார். தல்-சூவும் கூவும் ஏற்கெனவே சாட்சி சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

"உங்க மனைவி ரேடாரத் தப்பாப் படிப்பாங்கன்னு ரெண்டு பேரும் சொல்லியிருக்காங்க," என்றார் அதிகாரி.

போங்-ஜா கூவை நினைத்தாள். அந்தக் கறுப்புப் பெட்டியைப் பற்றி அந்த ஆள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை போலிருக்கிறது. தல்-சூ பக்கத்தில் இருந்திருப்பான்.

"ஊருக்கே தெரியும் சார்," என்றார் சாங்-கில். குரலில் சோகம் இருந்தது; அது முழுக்க நடிப்பும் இல்லை. "மூளை கொஞ்சம் மந்தம். பாவமேன்னு ஒக்கார வச்சேன். என் தப்பு அது."

"மோதுறதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?"

"நான் வலைய இழுத்துக்கிட்டிருந்தேன். மூடி தட்டுற சத்தம் எனக்குக் கேட்டுச்சு சார். முன்னாடி இருக்கு, நிறுத்துன்னு தொண்டை கிழியக் கத்துனேன். இவ உள்ள இருந்துக்கிட்டு, பின்னாடிதான் இருக்கு, பின்னாடிதான்னு கைப்பிடிய முன்னால தள்ளிட்டா."

போங்-ஜா தலையைத் தூக்கினாள். பழியைச் சுமக்கத் தயாராகத்தான் வந்திருந்தாள். இரவு முழுக்க அதற்குத் தன்னைப் பழக்கிக்கொண்டு வந்திருந்தாள். ஆனால் அந்தக் கத்தல் அவளுடையது. பனிக்குள் யோங்-நிம்முக்காக அவள் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். அதையும் அவர் எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

"அம்மா, நீங்க ஏதாவது சொல்றீங்களா?" என்று அதிகாரி கேட்டார்.

"அவர் முடிக்கட்டும்," என்றாள்.

அதிகாரி தட்டச்சு செய்து, தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். பேனாவையும் வைத்தார். "படிச்சுப் பாருங்க. நீங்க சொன்னதுதான். சரியா இருந்தா கீழ கையெழுத்துப் போடுங்க."

சாங்-கில் பேனாவைத் தடவி எடுத்தார். தலையைச் சாய்த்தார். படிப்பது போலக் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தார். பிறகு காத்திருந்தார்.

போங்-ஜாவின் இரண்டு கைகளும் மடியில் இருந்தன. வலக்கை ஆள்காட்டி விரல் பழக்கதோஷத்தில் ஒரு தடவை துடித்தது. அதை இடக்கையால் பொத்திக்கொண்டாள்.

"கையெழுத்துப் போடுங்க," என்றார் அதிகாரி.

சாங்-கில் தொண்டையைச் செருமினார். அது அவள் செய்ய வேண்டியது. அவளிடமிருந்து சத்தம் இல்லை. மேசைக்கடியில் அவர் முழங்கால் வந்து அவள் முழங்காலை இடித்தது. அவள் காலை நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

அவர் கையெழுத்துப் போட்டார். தைரியமாக, பெரிதாக, ஒரு சுழிப்போடு போட்டார். தாளுக்கு ஒரு சாண் தள்ளி, மேசைப் பலகையின்மேல்.

அதிகாரி மேசையைப் பார்த்தார். சாங்-கில்லின் முகத்தைப் பார்த்தார். மெல்லத் தாளை எடுத்து அவர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"ஐயா, இதுல முதல் வரிய மட்டும் படிங்க."

"கண்ணாடி... வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன்."

"என் கையில இப்ப எத்தன விரல்?"

சாங்-கில் போங்-ஜா இருக்கும் பக்கம் திரும்பினார். அந்த மூன்று வருஷத்தில் அவர் அவளை அப்படிப் பார்த்ததில்லை. பார்க்க முடியாத கண்ணால் முழுக்கப் பார்த்தார்.

"சேரான் அம்மா..." என்றார். அதட்டல் அல்ல.

"அவருக்குக் கண்ணு தெரியாது சார்," என்றாள் போங்-ஜா. "மூணு வருஷமாத் தெரியாது. சோசான்ல டாக்டர் சீட்டு இருக்கு. முன்னாடின்னு கத்துனது நான். கைப்பிடியத் தள்ளுனது அவர்."

"ஏய்! பொய் சொல்றா சார், இவ..."

"நீங்க இருங்க," என்றார் அதிகாரி. பிறகு அவளைப் பார்த்தார். குரலில் மரியாதை அப்படியே இருந்தது, ஆனால் குளிர்ந்துவிட்டிருந்தது. "மூணு வருஷமா உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் தெனமும் கூடப் போனீங்களா?"

"ஆமா."

"யார்கிட்டயும் சொல்லல."

"சொல்லல."

அவர் அதையும் தட்டச்சு செய்தார். ஒவ்வொரு எழுத்தும் விழும் சத்தத்தை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். புதுத் தாளை அவள் முன்னால் வைத்தபோது, முழுக்கப் படித்துவிட்டு, சரியான இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

வராந்தாவில் சோக்-தூ எழுந்து நின்றார். சுவர் மெல்லியது, அவர் எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். சாங்-கில்லை அவர் பார்க்கவே இல்லை.

"அவ உங்கள அக்கான்னு கூப்பிட்டா," என்றார் போங்-ஜாவிடம். "தெனம் வீட்ல வந்து உங்க பேச்சுதான். எங்க அக்கா திரையில நாம தெரிவோம், பயப்படாதய்யான்னு சொல்லித்தான் அன்னைக்கி என்னையக் கெளப்புனா."

போங்-ஜா குனிந்து வணங்கினாள். இடுப்பு வளைய, வெகுநேரம். அவள் நிமிர்ந்தபோது அவர் அந்த இடத்தில் இல்லை.

படிக்கட்டு வந்தது. பதினாறு படிகள். ஏறும்போது அவள்தான் எண்ணிக்கொண்டு, முதல் படியில் இரண்டு தடவை இருமியிருந்தாள். இப்போது அவள் முன்னால் இறங்கினாள். பின்னால் சாங்-கில்லின் காலடி விளிம்புவரை வந்து நின்றது.

"ஏய்," என்றார். கொஞ்சம் பொறுத்து, "இந்தா," என்றார். இன்னும் கொஞ்சம் பொறுத்து, "போங்-ஜா," என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

கீழே வாசலில் துறைமுகத்து ஆட்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். தல்-சூவும் இருந்தான். எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாங்-கில் ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டு, ஒரு காலை நீட்டிக் காற்றில் துழாவிக்கொண்டிருந்தார், தண்ணீரின் ஆழம் பார்க்கிறவர் மாதிரி.

போங்-ஜாவுக்குத் தொண்டை அரித்தது. மூன்று வருஷத்துப் பழக்கம். எச்சிலை விழுங்கிவிட்டு வாசலைத் தாண்டி நடந்தாள். பின்னால் ஏதோ விழுகிற சத்தமும், யாரோ ஓடுகிற சத்தமும் கேட்டன. அவள் துறைமுகத்துக்குப் போய், கட்டிக்கிடந்த படகில் ஏறி, அழுகத் தொடங்கியிருந்த நண்டுகளை வலையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துக் கடலில் போட ஆரம்பித்தாள்.